அந்தப் புகைப்பெட்டி வாங்கலாமோ?

ஹலோ... ஹலோ... ஆர், கீர்த்தனன் அண்ணாவோ?... ஓம், ஹம்சாதான். என்ர போனை வேற ஆர் எடுக்கிறது... பொறுங்கோ, கார்க் கதவைச் சாத்திப்போட்டு வாறன். வெளியில ஒரே வண்டிச் சத்தம்...

ம், இப்ப சொல்லுங்கோ... மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில. மரக்கறி வாங்குவம் எண்டு வந்து கார் பார்க்கில நிக்கிறன். காலமை ஷிஃப்ட் முடிச்சு நேர வந்தனான். இன்னும் கடைக்குள்ள போகேல்ல. சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்... இல்லை, இல்லை, வருத்தம் ஒண்டுமில்லை. அலுப்பு. நர்சிங் ஹோமில ரெண்டு பேர் வரேல்ல. அவையின்ர வேலையும் என்ர தலையில... ஓம்... ஓம் அண்ணா, சாப்பிட்டனான்.

நீங்கள் ஏன் இவ்வளவு மெல்லமாக் கதைக்கிறியள்? குரல் தண்ணித் தாங்கிக்குள்ள இருந்து வாற மாதிரிக் கிடக்கு... கராஜுக்குள்ளயோ? அவ்வளவு பெரிய வீட்டில கதைக்கிறதுக்கு வேற இடமில்லையோ... சரி. சரி. அண்ணி எப்பிடி?... மகள் தர்சினி?... ம்.

என்ன விசயம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சும்மா எடுக்கிற ஆளில்லை. தீபாவளிக்கும் வாட்ஸ்அப்பில ஒரு விளக்குப் படம்தானே வந்தது...

என்ன?

திருப்பிச் சொல்லுங்கோ...

என்ர பெட்டியோ? எந்தப் பெட்டி... அதோ! பற்றறியில புகை வாற அந்த வேப்போ?... அண்ணா, நீங்களோ கேக்கிறியள்? அது காசு குடுத்து வாங்கத் தகுந்த சாமானோ எண்டு நீங்கள் என்னட்டக் கேக்கிறியளோ?... இல்லை, சிரிக்கேல்ல. சிரிப்பு வருதில்லை. சொல்லுங்கோ.

ஆருக்கு?... உங்கட ஒபிசில ஒரு ஆளுக்கோ. ம்... அந்த ஆளுக்கு அனுஷன் விக்கப் போறானோ? எந்த அனுஷன்... ஓ, உங்களோட பட்மின்ரன் விளையாடுறவன். ம். கடைச் சாமான் இல்லை, அவனுக்கெண்டு ஆரோ கையால மாத்திச் செய்து குடுத்தது... மரத்திலயோ. ஓம், வடிவாத்தான் இருக்கும். கையில வச்சா விட மனம் வராது. அதுதான் அதின்ர கள்ளம்... இண்டைக்குப் பின்னேரமே கொண்டு வாறானோ? வேற ஒரு ஆளும் கேக்குதாமோ? அப்பிடித்தான் சொல்லுவினம் அண்ணா. எனக்குச் செய்து தந்த நரசிம்மனும் அதைத்தான் சொன்னவர்.

நரசிம்மன்... இஞ்ச நார்த்மீட்டில இருக்கிறவர், சென்னைக்காரர். வேலையால வந்து கராஜுக்குள்ள பூந்தார் எண்டா ராச்சாப்பாட்டுக்குத்தான் வெளியில வருவார். மரத்தைக் கடைஞ்சு, மினுக்கி, மூடியில மயில் வெட்டித் தந்தவர். நல்ல வேலைகாரன், அதில பொய்யில்லை... வித்தியாசமோ? கடையில விக்கிறதுக்குள்ள ஒரு சின்னத் தகடு கிடக்கும். சூடு கூடினா தானா நிப்பாட்டும். இவையள் அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, பற்றறியை நேர பட்டனோட தொடுக்கிறவை. அப்பத்தான் புகை அள்ளிக்கொண்டு வருமாம்... ஓம், வரும்தான். நான் முதல் இழுத்தண்டு என்ர குசினி பனி மூடின ரோட்டு மாதிரிக் கிடந்தது.

உண்மையைச் சொல்லவேணும். அது எனக்குச் சிகரெட்டை விடப்பண்ணினது. நைட் ஷிஃப்டில பிலிப்பீன் பிள்ளையளோட பின்வாசலில நிண்டு பழகினது அது, உங்களுக்குத் தெரியும்தானே... தெரியாதோ? சரி, இப்ப தெரியும். பெட்டி வந்த கிழமையே பக்கற்றைக் குப்பையில போட்டனான். நெஞ்சு இழுக்கிறது நிண்டுது. சட்டை மணக்கிறது நிண்டுது. இவ்வளவும் உண்மை. உங்கட ஒபிஸ் ஆளுக்கு அதைச் சொல்லுங்கோ.

ஆனா மிச்சத்தையும் சொல்லுங்கோ... பொறுங்கோ, நான் சொல்லி முடிக்க விடுங்கோவன்... சிகரெட் எண்டா வெளியில போகவேணும். குளிரில நிக்கவேணும். ஒண்டு முடிஞ்சா முடிஞ்சுது, உள்ள வரலாம். இதுக்கு முடிவு எண்டு ஒண்டு இல்லை அண்ணா. கட்டிலில படுத்துக்கொண்டு இழுக்கலாம். சிவப்பு லைற்றில நிக்கேக்க இழுக்கலாம். சோறு வடிக்கேக்க இழுக்கலாம். குளிக்கப் போகேக்கயும் கொண்டு போனனான் எண்டாப் பாருங்கோ... ஓம், விசர்தான்.

பிறகு அதுக்குச் செய்யிற ஊழியம். பஞ்சு மாத்து. கம்பி சுத்து. பற்றறியின்ர உறை எங்கயாவது கிழிஞ்சிருக்கோ எண்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பார். அதுக்கெண்டு தனிச் சார்ஜர். வீடியோ பாத்துப் பாத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். ஒரு நாயை வளத்திருந்தாலாவது வாலை ஆட்டியிருக்கும்.

இப்ப சட்டமும் மாறிப்போச்சு. கடையளில விக்கேலாது, மருந்து விக்கிற பாமசியில மட்டும்தான்... ஓம், அங்க வாங்கலாம். ஆனா அங்க தாறது இந்த மாதிரிப் பெட்டிக்குப் பொருந்தாது. அப்ப என்ன செய்வியள்? ஒளிச்சு விக்கிறவனைத் தேடிப் போகவேணும். அவன் தாற புகைத்தண்ணிப் போத்திலுக்குள்ள என்ன கிடக்கெண்டு அவனுக்கும் தெரியாது. அனுஷன் ஏன் விக்கிறான் எண்டு கேட்டனீங்களோ?... கேக்கேல்ல. ம். கேளுங்கோ.

கவனமா வச்சிருந்தா ஒண்டும் நடக்காதோ... அப்பிடி அனுஷன் சொல்லுறானோ?

அண்ணா, நான் பிளேன் ஏறி உங்கட ஊருக்கு வந்தண்டு கேரம் டவுன்ஸ் கோயிலில நடந்தது உங்களுக்கு மறந்துபோச்சோ?... பாத்தனீங்கள், ஓம். பாதிதான் பாத்தனீங்கள். நீங்கள் வந்து சேரேக்க எல்லாம் முடிஞ்சுது. முதல்பாதி உங்களுக்குத் தெரியாது. ஆரும் கேக்கேல்ல. நான் வாய் திறக்கவும் நீங்கள் விடேல்ல.

செருப்புக் கழட்டிறதுக்காகப் பையைத் தர்சினியிட்டக் குடுத்தனான். அவள் வடிவாப் பாவாடை தாவணி உடுத்திக்கொண்டு நிண்டவள். "மாமி, யுவர் பாக் இஸ் ஹொட்" எண்டாள். பை சுடுறது வெயிலால எண்டு நினைச்சன். குனிஞ்சபடி "நிழலில நில் பிள்ளை" எண்டன். பிறகு சீறிற சத்தம் ஒண்டு கேட்டுது, பிறஷர் குக்கர் மாதிரி. நிமிந்து பாத்தா அவளின்ர கையிலயிருந்து வெள்ளைப் புகை. பக்கத்தில நிண்ட ஒரு அன்ரி சாம்பிராணி எண்டு நினைச்சுக் கையெடுத்துக் கும்பிட்டவ... சிரியாதைங்கோ. நான் இப்பவும் அந்த அன்ரியைக் கனவில காணுறனான்.

"போடு, கீழ போடு" எண்டு கத்தினன். அவள் போடேல்ல. ஏன் போடேல்ல எண்டு தெரியுமோ? பிறகு ஹொஸ்பிற்றலில வச்சுச் சொன்னவள். உள்ள மாமியின்ர போனும் பேர்சும் கிடந்ததாம், உடைஞ்சு போகும் எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டவளாம்... ம்... நான்தான் பறிச்சு எறிஞ்சனான். எறியேக்கதான் நெருப்புக் கிளம்பி அவளின்ர கையையும் என்ர கையையும் சுட்டது. பைக்குள்ள கிடந்த திறப்புக்கோர்வை பெட்டியின்ர பட்டனை அமத்திக்கொண்டு கிடந்திருக்கு. நிப்பாட்டிறதுக்கு உள்ள ஒண்டும் இல்லை, அதைத்தானே கழட்டினது.

தழும்பு இன்னும் இருக்கோ?... முழங்கைக்குக் கீழயோ... நீளச் சட்டைதான் போடுறாளோ... ம். சரி.

அதுக்குப் பிறகு அண்ணி என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. நான் குறை சொல்லேல்ல. என்ர பிள்ளை எண்டா நானும் கதைச்சிருக்க மாட்டன்... இல்லை அண்ணா, சமாதானம் சொல்லாதைங்கோ. எனக்குத் தெரியும்.

இன்னொண்டு கேளுங்கோ. என்ர கை ஆறினவுடன நரசிம்மனிட்டப் போனனான், சண்டை பிடிக்க. அவரும் பாவம், முகம் செத்துப்போச்சு. பிறகு சொன்னார், "நீங்க சாவியோட சேத்துப் போட்டிருக்கக் கூடாதுங்க" எண்டு. சொல்லிப்போட்டு உள்ள போய்ப் புதுசு ஒண்டு கொண்டு வந்து என்ர கையில வச்சார். காசு வேண்டாம், வச்சுக்கங்க எண்டார். அண்ணா... என்ர கையில கட்டுப் போட்ட தடம் அப்பவும் இருந்தது. என்ர பெருவிரல் தன்ர பாட்டில போய்ப் பட்டனைத் தேடினது. அந்த இடத்தில எனக்கு என்னைக் கண்டு பயம் வந்தது. மேசையில வச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காமல் காருக்கு வந்தனான்.

அதாலதான் சொல்லுறன். நல்ல மரம், நல்ல வேலைப்பாடு. அலுமாரியில வைக்கிறதெண்டா வாங்கச் சொல்லுங்கோ. பொக்கற்றில வைக்கிறதுக்கு...

என்ன சத்தம் அது?

இல்லை, உங்க. டிக் எண்டு... திரும்பவும். அண்ணா, அது லைற்றர்.

...

அண்ணா?

ஒபிசில ஒரு ஆளும் இல்லை, என்ன?

...

சொல்லுங்கோ, நான் போகேல்ல... ம்... ம்... எவ்வளவு காலமா?... கலியாணத்துக்கு முதலே இருந்தோ! அப்ப அண்ணிக்கு?... ஒரு வீட்டுக்குள்ள இருந்துகொண்டோ? ... பெப்பமின்ற் சப்பி, கையைக் கழுவி, கராஜ் கதவைத் திறந்து விட்டு... அண்ணா, அண்ணா.

அப்ப அண்டைக்குக் கோயிலில நீங்கள் கார் பார்க்கின்ர பின்பக்கத்தால ஓடி வந்தது... ம். நீங்கள் போன் கதைக்கப் போனனீங்கள் எண்டு நான் நினைச்சன். வந்த உடன எல்லாருக்கும் முன்னால என்னைப் பேசினனீங்கள். பொம்பிளை புகை குடிக்கிறதோ எண்டு. எங்கட குடும்பத்தில ஆரும் தொட்டதில்லை எண்டு. வாய் மணந்திருக்குமே உங்களுக்கு...

இல்லை. கோவமில்லை. இருந்திருந்தா நல்லம் போலக் கிடக்கு, ஆனா வருதில்லை. நான் விடியக் காலமை எழும்பின ஆள். மன்னிப்பும் வேண்டாம், பிறகு பாப்பம். முதல் இதைச் சொல்லுங்கோ, இவ்வளவு காலம் பத்தின மனுசனுக்கு இப்ப ஏன் திடீரெண்டு விடுற யோசினை?

...

டொக்டரோ. என்ன சொன்னவர்?... காலோ? அது பட்மின்ரன் விளையாடிப் பிரண்டது எண்டல்லோ சொன்னனீங்கள்... ம்... ஸ்கான் எடுத்தவையோ... ரத்தக் குழாய்.

அண்ணா, அவசரப்படாமல் சொல்லுங்கோ. எந்தக் கால்?... இடது. நடந்தா கெண்டையில பிடிக்குது, நிண்டா விடுது. ம். ராவில?... கட்டிலுக்கு வெளியில தொங்கப் போட்டாத்தான் நித்திரையோ.

பாதம் குளிராக் கிடக்கோ?... விரலில புண் ஏதும்?... சின்னனாத்தானோ. எவ்வளவு சின்னன்? எப்ப தொடக்கம்?... சப்பாத்துக் கடிச்சது எண்டு நினைச்சனீங்கள். ஆறுதில்லை. சொக்ஸைக் கழட்டி இப்ப ஒருக்காப் பாருங்கோ... பிறகு வேண்டாம், இப்ப. நிறத்தைச் சொல்லுங்கோ... ஏன் ஏலாது?... பாக்கப் பயமாக் கிடக்கோ.

...

ம். விளங்குது.

சரி, கேளுங்கோ. நான் இண்டைக்குக் காலமை கடைசியா மருந்து கட்டினது அப்பிடி ஒரு காலுக்குத்தான். ஒரு இத்தாலிக்காரக் கிழவர், நல்ல மனுசன். ரெண்டு விரல் எடுத்தாச்சு. இல்லாத விரல் கடிக்குது எண்டு என்னைச் சொறிஞ்சு விடச் சொல்லுவார். நானும் துணிக்கு மேலால சும்மா சொறிஞ்சு விடுறனான்... உங்களைப் பயப்பிடுத்தச் சொல்லேல்ல. நீங்கள் என்னட்ட எதைக் கேட்டு எடுத்தனீங்கள் எண்டு உங்களுக்கே விளங்கவேணும். நீங்கள் பெட்டி வாங்கலாமோ எண்டு கேக்கேல்ல அண்ணா.

வேண்டாம். ஒரு சொல்லில சொல்லுறன், வேண்டாம். உங்கட காலின்ர ரத்தக் குழாய்க்கு நிக்கொட்டின் கடதாசிக்குள்ளால வந்தாலும் ஒண்டுதான், மயில் வெட்டின மரத்துக்குள்ளால வந்தாலும் ஒண்டுதான். விடுறதுக்கு எது தேவை எண்டு உங்கட காலைக் கண்ட டொக்டர் சொல்லட்டும். பாமசிச் சாமானோ, தோலில ஒட்டுற பிளாஸ்ரரோ, குளிசையோ, அவர் சொல்லுறது. அனுஷன் இல்லை... லேசில்லை எண்டு எனக்குத் தெரியாதோ? நானும் முழுசா விட்டிட்டன் எண்டு சொல்லமாட்டன். இப்பவும் நிக்கொட்டின் சுயிங்கத்தைச் சப்பிக்கொண்டுதான் உங்களோட கதைக்கிறன். ரெண்டு தரம் திரும்ப விழுந்தனான். மூண்டாம் தரம் எழும்பியிருக்கிறன், அவ்வளவுதான்.

அண்ணிக்குச் சொல்லுங்கோ... இல்லை, இண்டைக்கு... ஏன், அவ என்ன செய்வா? என்னோட கதைக்காமல் விட்ட மாதிரி உங்களோடயும் கதைக்காமல் விட்டிடுவா எண்டோ... ம். அதுதான் பயமோ. காலைவிட அதுதானோ.

அண்ணா... என்ன, ஆரோ வருகினமோ? கதவுச் சத்தம் கேக்குது... அண்ணியோ?... அதைக் கையால நசுக்காதைங்கோ, சுடும்!... பெயின்ற் தகரத்துக்குப் பக்கத்தில எறியாதைங்கோ!... எனக்குக் கேக்குது அண்ணா. "ஒபிஸ் கோல்" எண்டோ சொல்லுறியள்? நான் ஒபிஸோ?

போனை அவவிட்டக் குடுங்கோ. நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கமாட்டன். குடுங்கோ அண்ணா... கீர்த்தனன் அண்ணா, குடுங்கோ எண்டுறன்.

...

ஹலோ.

அண்ணி?... ஓம், ஹம்சா... ம். சுகமா இருக்கிறன்... உங்கட குரல் கேட்டு எவ்வளவு காலம் அண்ணி... ம்... ம்...

ஓம், மணக்கும்... இல்லை, எனக்கும் இப்பத்தான் தெரியும். சத்தியமா... என்ன?... உங்களுக்கு முதலே தெரியுமோ?... எல்லாத்தையுமோ. அப்ப ஏன் கேக்கேல்ல?... தானாச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். இவ்வளவு காலமும். ஐயோ அண்ணி.

சிகரெட் கிடக்கட்டும். அவரின்ர இடது சப்பாத்தையும் சொக்ஸையும் கழட்டச் சொல்லுங்கோ. இப்பவே. கராஜ் லைற்றைப் போடுங்கோ... ஏன் எண்டு அவர் சொல்லவேணும், அது என்ர வாயால வரக்கூடாது. நீங்கள் முதல் பாருங்கோ. நான் லைனில நிக்கிறன்.

...

ம், கேக்குது... அவரை அழ விடுங்கோ. நீங்கள் காலைப் பாருங்கோ...

கண்டிட்டியளோ? என்ன நிறம்?... நீலமோ, கறுப்போ?... நுனியில மட்டுமோ. தொட்டுப் பாருங்கோ, மற்றக் காலோட வச்சுப் பாருங்கோ... நல்லாக் குளிருதோ. அண்ணி, நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. நாளைக்கு எண்டு இல்லை. இப்ப ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டு போங்கோ, எமேர்ஜென்சிக்கு. ஸ்கான் எடுத்த கதையை அவர் சொல்லுவார், மறைச்சா நீங்கள் சொல்லுங்கோ, பத்திறவர் எண்டதையும் சொல்லுங்கோ. சுடுதண்ணி, ஒத்தடம் ஒண்டும் வேண்டாம். நடக்க விடாதைங்கோ. காரை நீங்களே ஓடுங்கோ... ஓட ஏலாதோ? அப்ப அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. தர்சினி வீட்டில நிக்கிறாளோ? அவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவள் பயப்பிடாத பிள்ளை.

இல்லை அண்ணி, காலை எடுக்கவேணும் எண்டு ஆர் சொன்னது? இப்ப போனாக் குழாயைத் திறந்து விடுவினம். எத்தினை பேருக்குத் திறக்கினம். இப்ப போனா.

அனுஷன் எண்டு ஒருத்தன் பின்னேரம் பெட்டி ஒண்டு கொண்டு வருவான். வீட்டில ஆளில்லை எண்டு திரும்பிப் போகட்டும்... அவன் ஆர் எண்டு போற வழியில அண்ணாட்டக் கேளுங்கோ. இண்டைக்கு அவர் எல்லாம் சொல்லுவார்.

நானோ?... கடைக்குப் போகேல்ல, காரிலதான் இன்னும்... நாளைக்கு ஷிஃப்ட் இருக்கு, ஆனா மாத்தலாம்... ஏன் அண்ணி?

...

என்ன சொன்னனீங்கள்? வடிவாக் கேக்கேல்ல. திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ...

ஓம்.

ஓம் அண்ணி. வாறன். இண்டைக்கே பிளேன் பாக்கிறன்... ஹொஸ்பிற்றலுக்கே நேர வாறன். போங்கோ, நிக்காதைங்கோ, வெளிக்கிடுங்கோ...

ஹலோ?... அண்ணி?...

வச்சிட்டா.